மலை மறைத்த பொழுது

என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா சொல்லுவாள். அறுபத்தைந்தாம் வருஷம், தீபாவளிக்கு மறுநாள் அமாவாசை. அன்றைக்கு எங்கள் வீட்டுக்கும் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே நான் நடந்த நடையைக் கோட்டைப் பக்கம் நடந்திருந்தால் ராஜகிரி உச்சிக்கே ஏறி இறங்கியிருக்கலாம். மொத்தம் ஐந்து தடவை போனேன். நாலு தடவை மீனம்பாள் வரவில்லை.

மீனம்பாள் என் சிநேகிதி. திண்டிவனத்தில் ஆசிரியர் பயிற்சி படித்த இரண்டு வருஷமும் ஹாஸ்டலில் என் பக்கத்துப் பாய் அவளுடையது. அவலூர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு சேரியில் பிறந்தவள். அவள் அப்பா இளையபெருமாள், ஊர்க்காரர்கள் நிலத்தில் ஏர் ஓட்டுகிறவர். அந்தத் தெருவில் பத்தாவது தாண்டிய முதல் பெண் அவள்தான். அதைப் பற்றி அவளாக ஒரு நாளும் பேசியதில்லை. நான்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவேன்.

எங்கள் குடும்பம் ஜைனக் குடும்பம். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டோம். விளக்கு வெளிச்சத்தில் சோற்றில் விழுகிற பூச்சி கண்ணுக்குத் தெரியாது, தெரியாமல்கூட ஓர் உயிரைத் தின்றுவிடக் கூடாது என்பது அதற்குக் காரணம். ஹாஸ்டலில் ராத்திரிச் சோறு ஏழரை மணிக்கு. முதல் வாரம் முழுக்க நான் தண்ணீரும் வாழைப்பழமுமாகக் கிடந்தேன். எட்டாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மீனம்பாள் ஒரு தட்டில் சுடுசோறும் ரசமும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். சமையல்கார குஞ்சம்மாளிடம் என்ன சொன்னாளோ, என்ன வேலை செய்து கொடுத்தாளோ தெரியாது. அன்றைக்கு ஆரம்பித்து இரண்டு வருஷம் அந்தத் தட்டு வந்தது. நான் பாதி நாள் எங்கேயாவது சுற்றிக்கொண்டிருப்பேன். அவள் ஜன்னலில் நின்று சூரியனைப் பார்த்துக்கொண்டே கத்துவாள். "இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்குது லீலா, ஓடியா." கடிகாரம் இல்லாமலே அவள் சொல்லும் நிமிஷம் தப்பாது.

ஒரு தடவை எங்களை மகாபலிபுரம் கூட்டிக்கொண்டு போனார்கள். மத்தியானம் எல்லோரும் ஓட்டலில் சாப்பிட்டார்கள். நாங்கள் தொடாத வெங்காயம் பூண்டு இல்லாத பண்டம் ஒன்றும் அங்கே இல்லை. என் புளிச்சோற்று டப்பா பெட்டியோடு பஸ் கூரையில் ஏறிவிட்டது. திரும்பும்போது பொழுது இறங்கிக்கொண்டே வந்தது. எங்களைக் கூட்டிப்போன ராஜம்மாள் டீச்சரிடம் இரண்டு நிமிஷம் நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். திண்டிவனம் போய்த்தான் பஸ் நிற்கும் என்றார். ஒரு வேளை சாப்பிடாவிட்டால் உயிர் போய்விடாது என்றும் சொன்னார். எனக்குக் கோபத்தில் கண்ணீர் வந்துவிட்டது. மீனம்பாள் என் கையை அழுத்தி, சும்மா இரு என்றாள். எழுந்து டீச்சர் பக்கத்தில் போய் நின்றாள். தொண்டைக்குள் விரலை விட்டு ஒரு ஓங்கரிப்பு ஓங்கரித்தாள் பாருங்கள், டீச்சர் பட்டுப்புடவையைத் தூக்கிக்கொண்டு சீட்டின் மேலேயே ஏறிவிட்டார். பஸ் ஒரு புளியமரத்தடியில் நின்றது.

கிளீனர் கூரையில் ஏறி என் டப்பாவை எடுத்துக் கொடுத்தான். நான் மரத்துக்கு இந்தப் பக்கம் நின்று அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டேன். அந்தப் பக்கம் மீனம்பாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விடாமல் ஓங்கரித்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே கையிடுக்கு வழியாக என்னைப் பார்த்து, "ஆச்சாடி?" என்பாள். இன்னும் ரெண்டு வாய் என்று நான் சைகை காட்டினால் மறுபடியும் ஆரம்பிப்பாள். பஸ்ஸில் ஏறியதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் சிரிக்கவில்லை.

"பசின்னா இன்னான்னு எனக்குத் தெரியும்டி. சோத்தைக் கையில வச்சிக்கினு பட்டினி கெடக்கறதுதான் எனக்குப் புரியல. ஆனா உங்க சட்டம் உங்களுக்கு. அது கெடக்கூடாதில்ல."

எனக்காக பஸ்ஸை நிறுத்தியவளை என் வீட்டுக்கு ஒரு தடவையாவது அழைத்து, என் பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு போட வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானம் செய்துகொண்டேன். படிப்பு முடிந்து அவள் ஒரு பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போனாள். நான் வேலைக்கு எழுதிப்போட்டுவிட்டு வீட்டில் அம்மாவின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தேன். அந்த ஐப்பசியில் வாய்ப்பு வந்தது. என் அக்கா ஜ்வாலாமாலினிக்குத் தலைதீபாவளி. வீடு நிறைய விருந்து. அமாவாசையன்று மகாவீரர் முக்தியடைந்த நாள் பூசை முடிந்து பெரிய சாப்பாடு. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மீனம்பாளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

நைனாவிடம் சொன்னேன். என் நைனா விருஷபதாஸ் கெட்ட மனிதர் இல்லை. பெண்ணை ஹாஸ்டலில் விட்டுப் படிக்க வைக்கிறாரே என்று உறவில் எத்தனையோ பேர் முகத்தைச் சுளித்தபோது, வாயைத் திறக்காமல் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திண்டிவனம் வந்தவர். வேர்க்கடலை வியாபாரத்தில் அவர் எடையைச் சந்தேகப்பட்டவர் கிடையாது. மீனம்பாள் வரட்டும் என்றார். தோட்டத்துப் பக்கம் நல்லதாக இலை போட்டுக் கொடுக்கலாம் என்றார். கூடத்தில், பந்தியில், எனக்குப் பக்கத்தில் என்றேன். அவர் எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

ஒரு வாரம் சண்டை. மற்ற வீட்டுப் பெண்களானால் சாப்பிடாமல் கிடந்து மிரட்டுவார்கள். எங்கள் வீட்டில் அது பலிக்காது. நோன்பு இருக்கிறாள் என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அதனால் பேசினேன். காலையில் பல் விளக்கும்போது பேசினேன், கடைக்குப் போய்ப் பேசினேன், மூட்டைக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு பேசினேன். உயிர் எல்லாம் ஒன்று என்று எறும்புக்கு ஒதுங்கி நடக்கிறவர்கள் மனுஷிக்கு இலை போட யோசிப்பதென்ன என்று கேட்டேன். ஏழாம் நாள் நைனா கணக்கு நோட்டை மூடிவிட்டு என்னை ஏறெடுத்துப் பார்த்தார்.

"சரி, வரட்டும். கூடத்துலயே உக்காரட்டும். பொழுது சாயறதுக்குள்ள வந்துடணும், அவ்ளோதான்."

நான் அங்கேயே ஒரு குதி குதித்தேன். அன்றைக்கே கடுதாசி எழுதிப் போட்டேன். காலை பஸ் பிடித்தால் பதினோரு மணிக்கு வந்துவிடலாம் என்று எழுதினேன். பதினோரு மணி எங்கே, பொழுது சாய்வது எங்கே. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சட்டத்தை நைனா எதற்காக வாயால் சொன்னார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

செஞ்சியில் பொழுது சாய்வதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஊர் கிழக்கே, ராஜகிரி மேற்கே. மற்ற ஊர்களில் சூரியன் தரைக்கு இறங்கி மறையும். எங்கள் தெருவில் அதற்கு முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். ஐப்பசியில் இருபது நிமிஷத்துக்குக் குறையாது வித்தியாசம். தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் மலை மறைத்தால் பொழுது போயிற்று. இலை எடுத்துவிட வேண்டும், பாத்திரத்தை மூடிவிட வேண்டும். வெளியூர் உறவினர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். செஞ்சிக்காரர்களுக்குச் சூரியனிலும் எடைக் குறைவு என்பார்கள்.

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் அக்காவும் அவள் வீட்டுக்காரர் சுமதிநாதனும் ஆரணியிலிருந்து வர வேண்டியது. பஸ் வழியில் பஞ்சர். அவர்கள் எங்கள் வாசலுக்கு வந்து சேரும்போது மலை சூரியனை விழுங்கியாகிவிட்டது. அம்மா அப்போதுதான் கடைசிப் பாத்திரத்தை மூடினாள். அக்கா மூடிய பாத்திரத்தைப் பார்த்தாள், முகம் செத்துவிட்டது. கல்யாணமாகி ஆறு மாதம். தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை முதல் ராத்திரியே வெறும் வயிற்றோடு படுப்பதா? மாப்பிள்ளை பசியில்லை என்று மரியாதைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நைனா தெருவில் இறங்கி மலையைப் பார்த்தார். உள்ளே வந்து சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

"மலை மறைச்சா பொழுது போனதாயிடுமா இன்னா? காலண்டர்ல அஞ்சே முக்கால் போட்டிருக்குது. இன்னும் இருபது நிமிஷம் இருக்குது. இலையைப் போடு."

போட்டோம். மாப்பிள்ளை நிதானமாக, இரண்டாம் தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டார். அக்கா முகத்தில் உயிர் வந்தது. எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. மலையையே நகர்த்தி வைத்துவிட்டீர்களே நைனா என்று கிண்டல் செய்தேன். அவரும் சிரித்தார்.

அமாவாசையன்று விடியற்காலையில் கோயிலுக்குப் போய் வந்தோம். பதினோரு மணிக்கு முதல் தடவையாக பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அவலூர்பேட்டை பஸ் வரவில்லை. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். இன்றைக்கு அமாவாசை இல்லையா, அந்தப் பக்கத்து பஸ்ஸெல்லாம் அங்காளம்மன் கூட்டத்துக்காக மேல்மலையனூர் போய்த் திரும்புகிறது, வண்டிக் கூரையில் ஜனம் உட்கார்ந்து போகிறது என்றார். எனக்குத் திக்கென்றது. நாங்கள் அமாவாசை என்றால் எங்கள் பூசையை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தோம். மலையனூர் அமாவாசை என் நினைப்பிலேயே இல்லை. வருகிற நாளைக் குறித்துக் கொடுத்தவள் நான். அந்த வழியிலேயே பிறந்து வளர்ந்த மீனம்பாளோ, என் கடுதாசிக்கு மறுப்பு எழுதாமல் வருகிறேன் என்று எழுதிவிட்டாள்.

பன்னிரண்டரைக்குப் பந்தி போட்டார்கள். கூடத்தில் இரண்டு வரிசை. நான் உட்காரவில்லை, மீனம்பாள் வந்ததும் அவளோடு சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நல்ல தலைவாழை இலையாகப் பார்த்து எடுத்துச் சுருட்டி வைத்தேன். பரிமாறிவிட்டு ஓடினேன். ஒரு மணிக்கு ஒரு பஸ் வந்தது, விழுப்புரம் பஸ். மூன்று மணிக்கு மறுபடி போனேன், இன்னொன்று வந்தது, அதில் மொட்டை போட்ட குடும்பம் ஒன்று இறங்கியது. கண்டக்டரைப் பிடித்து உலுக்காத குறையாக விசாரித்தேன். மலையனூருக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற பஸ் எதுவும் இந்தப் பக்கம் தாண்டவில்லை என்றார்.

வீட்டில் எல்லோரும் உண்ட களைப்பில் சாய்ந்திருந்தார்கள். நான் மட்டும் கூடத்துக்கும் வாசலுக்கும் அலைந்தேன். முறுக்கு டப்பாவைத் திறந்தேன், மூடினேன். இலையைப் பிரித்துத் துடைத்தேன், மறுபடி சுருட்டினேன். ஒரு கவளம் போட்டுக்கொள் என்று அம்மா கெஞ்சினாள். எரிந்து விழுந்தேன். நாலு மணிக்குப் போய் ஒரு மணி நேரம் நின்று வெறுங்கையோடு திரும்பினேன். வாசலில் நின்று பார்த்தால் மலைக்கும் சூரியனுக்கும் நாலு விரல்கட்டை இடைவெளி. நான் ஒருத்தி பார்த்துக்கொண்டே இருந்தால் அது இறங்காது என்பதுபோல அதையே முறைத்துக்கொண்டிருந்தேன். மூன்று விரல்கட்டை ஆனது. மறுபடி ஓடினேன்.

ஐந்தாம் தடவை. பஸ் ஸ்டாண்டில் பஸ் ஒன்றும் இல்லை. ஒரு வேர்க்கடலை லாரி நின்றது. மூட்டைக்கு மேலிருந்து ஒருத்தி இறங்கினாள். முழங்கால் வரை புழுதி. அறுந்த செருப்பு கையில். மற்றக் கையில் ஒரு மஞ்சள் பை. என்னைப் பார்த்ததும் பையைத் தூக்கி ஆட்டினாள்.

மலையனூரில் பஸ்காரன் எல்லோரையும் இறக்கிவிட்டுவிட்டான். அங்கிருந்து கூட்டத்துக்கு எதிராக, வழியிலிருக்கிற வளத்தி ஊர் வரைக்கும் நடந்திருக்கிறாள். அங்கே இந்த லாரிக்காரனைக் கெஞ்சி ஏறியிருக்கிறாள். இதையெல்லாம் ஓடிக்கொண்டே சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். இப்போது எனக்கு எதற்கும் பயமில்லை. வந்துவிட்டாள், அவ்வளவுதான். எங்கள் தெரு திரும்பும்போது வெயில் தெருவை விட்டுப் போயிருந்தது. மலை நிழல் எங்கள் வாசல்வரை வந்து கிடந்தது. அதைப் பார்த்தும் நான் பயப்படவில்லை. காலண்டர் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

நைனா வாசலில் நின்றிருந்தார். பக்கத்தில் மாப்பிள்ளை. நைனா மீனம்பாளை நன்றாகத்தான் வரவேற்றார். நடந்தா வந்தாய் என்று விசாரித்தார், உன் அப்பா சௌக்கியமா என்றார். பிறகு தலையைத் திருப்பி மலையைப் பார்த்தார்.

"அடடா. பொழுது போயிடுச்சேம்மா. எங்க வழக்கம் உனக்குத் தெரியும். லீலா சொல்லியிருப்பா."

அவர் குரலில் வருத்தம் இருந்தது. நடிப்பில்லை, நிஜமான வருத்தம். அதுதான் எனக்கு இன்னமும் தாங்கவில்லை. வருத்தத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. அது அவர் மகளான எனக்கு மட்டும்தான் தெரியும்.

மீனம்பாள் உடனே தலையாட்டினாள். "தெரியும்ங்க ஐயா. நேரங்கழிச்சி வந்தது என் தப்பு. இதுக்கு மேல அடுப்பாண்ட போகமாட்டீங்க, எனக்குத் தெரியாதா? நீங்க சங்கடப்படாதீங்க."

அவள் நம்பிவிட்டாள். இரண்டு வருஷம் அந்தச் சட்டத்துக்காகத் தட்டுத் தூக்கியவள், தொண்டையில் விரல் விட்டவள், நம்பாமல் என்ன செய்வாள்?

நான் வாயைத் திறந்தேன். நைனாவின் தோளுக்குப் பின்னால், கூடத்துச் சுவரில், அதே காலண்டர் தெரிந்தது. அடுப்பங்கரை வாசலில் அம்மா கரண்டியோடு நின்றாள். நிலைப்படியில் அக்கா. அவள் கண் என்மேலேயே இருந்தது. வேண்டாம் என்று ஒரு சின்ன தலையசைப்பு. மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சட்டைக் கையை அதன் மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். முந்தாநாள் இதே நேரம், இதே மலை, இதே வாசல். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும், மீனம்பாள் ஒருத்தியைத் தவிர.

காலண்டர் என்கிற ஒரு வார்த்தை போதும். ஒரு வாரம் ஓயாமல் பேசின வாய். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் புது மாப்பிள்ளை முன்னால் நைனா தலை குனிவார். ஆரணி வரைக்கும் அது போகும். அக்கா அங்கே போய் வாழ வேண்டும். இப்படியெல்லாம் அந்த நேரத்தில் யோசித்தேன் என்று பின்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் யோசிக்கவில்லை. பயந்துவிட்டேன். வாய் மூடிக்கொண்டது.

மீனம்பாள் மஞ்சள் பையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழமும், மடித்த வெள்ளைத் துணி ஒன்றும் எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். நல்ல மல்துணி. தண்ணீர் வடிகட்டுவதற்கு என்றாள். பூச்சி புழுவை விழுங்கிவிடாமல் ஹாஸ்டல் குழாயில் நான் கட்டும் துணி எப்போதும் கிழிந்துபோயிருக்கும், அதைப் பார்த்து வைத்து வாங்கியிருக்கிறாள். எங்கள் வீட்டில் எதை வாங்கிக்கொள்வோம், எதை வாங்கிக்கொள்ள மாட்டோம் என்று அவ்வளவு யோசித்திருக்கிறாள். அம்மா எதற்கம்மா இதெல்லாம் என்று சொல்லி வாங்கி நடையிலேயே வைத்தாள். ஒரு பொட்டலத்தில் அதிரசம் கட்டிக் கொடுத்து, காலையில் சாப்பிடு என்றாள். மீனம்பாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

ஏரிக்கு அந்தப் பக்கம் அவள் அத்தை பவுனம்மாள் வீடு இருக்கிறது. ராத்திரி அங்கே தங்கிக் காலை பஸ்ஸுக்குப் போவதாகச் சொன்னாள். கொஞ்ச தூரம் கொண்டுவிட்டு வருகிறேன் என்று நானும் கிளம்பினேன். யாரும் தடுக்கவில்லை.

வழியெல்லாம் அவள்தான் பேசினாள். அவள் பள்ளிக்கூடத்தில் ஒரே அறையில் மூன்று வகுப்பு. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருத்தன் தினமும் ஆட்டுக்குட்டியோடு வருகிறான், ஆஜர் எடுக்கும்போது அதுவும் கத்துகிறதாம். நான் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தேனா என்று நினைவில்லை. என் கால் அவளுக்கு முன்னால் போவதும் நிற்பதுமாக இருந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னாடி, மோட்டார் நின்னு போச்சா? ஐயா இன்னா பண்ணுவாரு, நான் லேட்டா வந்தா?"

இப்போது சொல்லிவிடலாம், தெருவில் யாருமில்லை என்று நினைத்தேன். ஏரிக்கரை ஏறினதும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

ஏரிக்கரை ஏறினோம். அங்கே ராஜகிரி ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுகிறது. மலைக்கும் அடுத்த குன்றுக்கும் நடுவே வெட்டவெளி. அந்த வெளியில் சூரியன் இருந்தது. முழுசாக, தரைக்கு ஒரு விரல்கட்டை மேலே. வெயில் எங்கள் இரண்டு பேர் முகத்திலும் நேராக அடித்தது.

மீனம்பாள் பேச்சை நிறுத்தினாள். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். ஹாஸ்டல் ஜன்னலில் இரண்டு வருஷம் எனக்காகச் சூரியனை அளந்த கண். திரும்பி, நிழலில் கிடந்த எங்கள் தெருவைப் பார்த்தாள். மறுபடியும் சூரியனைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தேன். கேட்டுவிடு, திட்டிவிடு, ஒரு அறை அறைந்துவிட்டுக்கூடப் போ என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"நீ மத்தியானம் சாப்டியா?" என்றாள்.

"இல்ல. உங்கூட சாப்பிடலாம்னு."

அவள் செருப்பை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு என் தோளில் கை வைத்து, ஹாஸ்டலில் தள்ளுவாளே, அதே மாதிரி லேசாகத் தள்ளினாள்.

"இன்னும் பத்து நிமிஷம் இருக்குது லீலா. ஓடு. போய் சாப்டு."

குரலில் கோபம் இல்லை. கரையிலிருந்து இறங்கி, கையில் செருப்போடு, வரப்பு வழியாக நடந்தாள். நான் நின்று பார்த்தேன். அவள் திரும்பவில்லை.

நான் ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று தெரியாது. அவள் ஓடு என்று சொன்னால் ஓடிப் பழகின கால். வீட்டுக்குள் நுழையும்போது நடையில், அம்மா வைத்த இடத்திலேயே அந்த வெள்ளைத் துணி கிடந்தது. கூடத்தில் நைனா தன் கையாலேயே இலை போட்டு வைத்திருந்தார். நான் துடைத்துத் துடைத்துச் சுருட்டி வைத்த இரண்டில் ஒன்று. பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வா வா, காலையிலேர்ந்து பட்டினி. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்குது. உக்காரு, ரெண்டு வாய் போட்டுக்கோ."

காலண்டர் அவர் தலைக்கு மேலேயே தொங்கியது. மாப்பிள்ளை செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அக்கா என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

"பொழுது போயிடுச்சு நைனா," என்றேன்.

நைனாவின் கை செம்பின் மேல் இருந்தது. காலண்டர் என்று அவர் சொல்லுவார், நான் பதில் சொல்லத் தயாராக நின்றேன். அவர் சொல்லவில்லை. செம்பை எடுத்துக்கொண்டு எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். நான் குனிந்து, ஒன்றும் பரிமாறாத அந்த இலையை மடித்தேன். வாசலில் விழுங்கிய அந்த வார்த்தையைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்தபோது, அதைக் கேட்க வேண்டியவள் ஏரியைத் தாண்டிப் போயிருந்தாள்.